ஞாயிற்றுக்கிழமைக் கிறுக்கர்கள்

“எனக்கெல்லாம் வரையவே வராதுங்க” என்று சொல்பவர்களைப் பார்த்தால் இப்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காகிதத்தில் இழுத்த ஒரு வளைகோடு, எதிரே படுத்திருக்கும் எருமையின் முதுகாக மாறுகிற அந்த முதல் நாள் அவர்களுக்கு இனிமேல்தான் வரப்போகிறது. எனக்கு வந்து போய்விட்டது. அன்று வீட்டுக்குப் போனவன் சாப்பாட்டுத் தட்டை உற்றுப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். “சாம்பார்ல ஏதாவது விழுந்து கெடக்கா?” என்று கேட்டாள் மனைவி. எவர்சில்வர் தட்டின் விளிம்பில் வெளிச்சம் எந்த இடத்தில் பளிச்சென்று வெள்ளையாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்ததை அவளிடம் எப்படிச் சொல்ல!

டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். எனக்குத் தெரிந்த ஓவியம் நம் எல்லோருக்கும் தெரிந்த அதே ஓவியம்தான். இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு குடிசை, சாய்ந்த தென்னை மரம், வளைந்து ஓடும் ஆறு, வானத்தில் பறவைகள் என்ற பெயரில் நாலு டிக். மலையையே பார்த்திராத கடற்கரைக் குப்பத்துப் பிள்ளையும் இதைத்தான் வரையும். நாற்பது வயதைத் தாண்டி, அலுவலக நண்பர் ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால் சென்னையில் ஞாயிறு காலைகளில் கூடி வரையும் ஒரு கூட்டத்தில் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து, என்னைச் சந்திக்கிற எல்லோரையும் அங்கே கூப்பிட்டுக் கழுத்தறுக்கிறேன். இப்போது உங்கள் முறை.

வாத்தியார் கிடையாது, கட்டணம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் இடத்தின் பெயர் வரும். ஒரு வாரம் காசிமேடு, ஒரு வாரம் எழும்பூர் மியூசியம், ஒரு வாரம் 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம். அவரவர் நோட்டோடு போய், பிடித்த இடத்தில் உட்கார்ந்து வரைய வேண்டியது. வருகிறவர்களைப் பார்த்தால் ஓர் எம்டிசி பஸ்ஸில் இருந்தவர்களை அப்படியே இறக்கிவிட்டாற்போல் இருக்கும். வங்கி மேனேஜர், பல் டாக்டர், பிளஸ் டூ படிக்கும் பெண், ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஐயா, ஐடி பிள்ளைகள் ஒரு கும்பல், மார்கழியில் வாசலை அடைத்துச் சிக்குக் கோலம் போடும் ஓர் அம்மா. டாக்டருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டால் அவர் பெருமையாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியை 1850இல் சென்னையில் ஓவியப் பள்ளியாகத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டரும் ஒரு டாக்டர்தான். நாட்டின் மிகப் பழைய ஓவியப் பள்ளி அது.

எங்களுக்கு இருப்பது ஒரே விதி. நேரில் பார்த்து, பார்த்த இடத்திலேயே வரைய வேண்டும். இந்த விதி உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் காப்ரியேல் காம்பனாரியோ என்ற பத்திரிகைக்காரர். ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் வேலை பார்த்தவர். 2007இல் அவர் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெச்சர்ஸ்’ இயக்கத்தின் முதல் கொள்கையே அதுதான். ஆனால் நம் ஊருக்கு இது புதுசு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சில்பியை மறந்துவிட முடியுமா? ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரைந்த சில்பி, கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வரைந்தவர். பழைய பைண்டு வால்யூம் எங்காவது கிடைத்தால் அந்தப் பக்கங்களைப் பாருங்கள். தூணின் கல் எங்கே வழவழப்பு, எங்கே சொரசொரப்பு என்று விரலால் தடவிப் பார்த்த மாதிரி தெரியும். நான் வரையத் தொடங்குவதற்கு முன்பும் அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். “அடேயப்பா” என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். இப்போது ஒரு பக்கத்தைத் தாண்ட அரை மணி நேரம் ஆகிறது. இந்தக் கோட்டை ஏன் இங்கே நிறுத்தினார், நிழலை ஏன் குறுக்குக் கோடாகப் போட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தோன்றுகிறது. கோபுலுவும் அப்படித்தான். ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு அவர் வரைந்த ஆட்களின் உட்காரும் தோரணையை மட்டும் வைத்தே யார் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம்.

சரி, கற்றுக்கொள்வது எப்படி நடக்கிறது? மயிலாப்பூரை வைத்துச் சொல்கிறேன். அங்கேதான் எனக்குக் கண் திறந்தது.

தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் காலையில் உட்கார்ந்தால் சூரியன் கபாலீசுவரர் கோயிலுக்குப் பின்னாலிருந்து எழும். எதிரே சின்ன மேற்குக் கோபுரம். அதற்கும் அப்பால், 1906இல் கட்டி முடித்த 120 அடி ராஜகோபுரம். சுதை பொம்மைகள் நிறைந்த கோபுரம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றே. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று பொம்மைகளை ஒவ்வொன்றாக எண்ணி வரையத் தொடங்குவார்கள். மூன்றாம் நிலை வருவதற்குள் கை ஓய்ந்துபோகும். அப்போது நம் ரயில்வே ஐயா பின்னால் வந்து நின்று, “கண்ணை இடுக்கிப் பாருங்க தம்பி. பொம்மையெல்லாம் காணாமப் போயிடும்” என்பார். இடுக்கிப் பார்த்தால், சத்தியமாகக் காணாமல் போகின்றன! வெளிச்சம் எதிரிலிருந்து வருவதால் நிறங்கள் அத்தனையும் அடங்கி, கோபுரம் முழுவதும் ஒரே நீலச் சாம்பல் நிழலாக நிற்கிறது. ஓரங்களில் மட்டும் ஒரு பொன் விளிம்பு. அது வண்ணமயமான கோபுரம் என்று நமக்குத் தெரியும். அந்தத் தெரிதல்தான் பார்க்கவிடாமல் தடுக்கிறது. இதைப் புத்தகத்தில் நூறு தடவை படித்தாலும் ஏறாது. படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணை இடுக்கினால் ஒரு நொடியில் ஏறிவிடும்.

அதே படிக்கட்டில் கற்ற இன்னொன்று கண்மட்டக் கோடு. பர்ஸ்பெக்டிவ் என்றால் ஏதோ ஜியோமெட்ரி என்று பயந்துகொண்டிருந்தேன். விஷயம் ரொம்பச் சுலபம். உங்கள் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் தாளில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், சமதரையில் உங்கள் உயரமுள்ள ஆட்கள் பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும் அவர்கள் கண்ணெல்லாம் அந்தக் கோட்டிலேயே வரும். உட்கார்ந்துவிட்டால் கோடு அவர்கள் இடுப்புக்கு இறங்கிவிடும். கோட்டுக்கு மேலே இருக்கும் பால்கனிகள் தூரம் போகப் போகச் சரிந்து கோட்டை நோக்கி இறங்கும். கீழே இருக்கும் நடைபாதை ஏறி வரும். இது புரிந்த அன்று மாட வீதியில் நடக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. தெரு முழுக்க இத்தனை ஒழுங்காக ஒரே இடத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறது, இத்தனை வருஷமாக நான் அதைப் பார்க்கவே இல்லை! பக்கத்தில் வந்தவர் என்னவென்று கேட்டார். பூக்கடையின் கூரையைக் காட்டினேன். அவர் என்னைத்தான் பார்த்தார்.

ஆட்களை வரைவது எப்படி, அவர்கள்தான் நிற்பதே இல்லையே என்று கேட்பீர்கள். பூக்காரம்மாவைப் பாருங்கள். பூவை எடுக்கிறார், நாரைச் சுற்றுகிறார், இழுத்து முடிச்சுப் போடுகிறார், மறுபடி எடுக்கிறார். வேலை செய்கிற உடம்பு திரும்பத் திரும்ப அதே நிலைக்கு வந்துவிடும். ஒரே பக்கத்தில் மூன்று நாலு படங்களை ஆரம்பித்து வைத்துக்கொண்டு, எந்த நிலை திரும்பி வருகிறதோ அந்தப் படத்தில் இரண்டு கோடு சேர்த்துக்கொண்டே போகலாம். காசிமேட்டில் வலை பிரிப்பவர்கள், டீ ஆற்றுகிறவர், இஸ்திரிக்காரர் எல்லோரும் இப்படி அகப்படுவார்கள். அகப்படாதவர்கள் செல்போன் பேசிக்கொண்டே நடப்பவர்களும் ஆடுகளும்தான். ஆட்டை நம்பவே கூடாது.

தாளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்துக்கொண்டே பென்சிலை நகர்த்தும் பயிற்சி ஒன்று இருக்கிறது. கிமோன் நிக்கொலைடிஸ் என்ற அமெரிக்க ஆசிரியரின் புத்தகம் 1941இல் வந்ததிலிருந்து உலகெங்கும் வரைகிறவர்கள் செய்து பார்ப்பது. முடித்துவிட்டுப் பார்த்தால் மூக்கு காதோரம் கிடக்கும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆனால் அந்தக் கோணல் கோட்டில் ஓர் உயிர் இருக்கும் பாருங்கள், நிதானமாக வரைந்த எதிலும் அது வராது. பெட்டி எட்வர்ட்ஸ் என்ற இன்னோர் ஆசிரியர் 1979இல் வெளியிட்ட புத்தகத்தில் படத்தைத் தலைகீழாக வைத்து வரையச் சொல்வார். தலைகீழாக வைத்ததும் ‘இது கண், இது வாய்’ என்று மனசு பெயர் சொல்வதை நிறுத்திவிடுகிறது. வெறும் கோடும் இடைவெளியும் மிஞ்சுகின்றன. நேராக வைத்து வரைந்ததைவிட நன்றாக வந்துவிடுகிறது! நம்பாதவர்கள் இன்று இரவே ஒரு நூறு ரூபாய் நோட்டைத் தலைகீழாக வைத்து, அதிலுள்ள காந்தியை வரைந்து பாருங்கள்.

இவ்வளவும் தனியாகவும் கற்றுக்கொள்ளலாம்தான். ஆனால் நான் இந்தக் கூட்டத்துக்குப் பைத்தியமாக அலைவதற்குக் காரணம் ஒன்பதரை மணிக்கு நடப்பது. வரைந்தது போதும் என்று ஒருவர் குரல் கொடுப்பார். எல்லோரும் நோட்டைத் திறந்து தரையில் வரிசையாகப் பரப்புவோம். ‘கடை விரிக்கிறது’ என்று எங்களுக்குள் பேர். ஐயோ, அந்தக் காட்சி! ஒரே கோபுரம், ஒரே குளம், ஒரே காலை. இருபது நோட்டில் இருபது மயிலாப்பூர். வங்கிக்காரர் லெட்ஜர் எழுதுகிற நேர்த்தியில் ஒவ்வொரு நிலையையும் அளந்து நிறுத்தியிருப்பார். பல் டாக்டர் கோபுரத்தையே கண்டுகொள்ளாமல் ஒரு பழைய வீட்டுப் பால்கனிக் கம்பிகளை ஒன்று விடாமல் வரைந்திருப்பார். கோலம் போடும் அம்மா பென்சிலே தொடுவதில்லை, நேரே பேனாதான். எடுத்த கோட்டைக் குளத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முடிக்கும்வரை கை நடுங்காது. எங்களில் வேறு யாருக்கும் வாய்க்காத கை அது. பிளஸ் டூ பெண் ஒருநாள் கோயில் வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை மட்டும் வரைந்து வைத்திருந்தாள். புதுச் செருப்பு, தேய்ந்தது, வார் அறுந்து ஊக்கு குத்தியது, ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்ந்து கிடந்த குழந்தைச் செருப்புகள். அத்தனை பேரும் அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. அன்று கடையில் முதல் மரியாதை அந்தச் செருப்புகளுக்குத்தான்.

இந்த நேரத்தில் யாரும் வெறுமனே “சூப்பர்” என்று சொல்லிவிட்டு நகர்வதில்லை. “இந்த நிழலுக்கு என்ன கலர் கலந்தீங்க?” “எங்க உக்காந்து வரைஞ்சீங்க? எனக்கு இந்தக் கோணம் தெரியவேயில்லையே.” “தண்ணியை வெள்ளையா விட்டுட்டீங்களே, எப்படி மனசு வந்துச்சு?” இப்படித்தான் கேள்விகள். குறை சொல்வதும் உண்டு. ஆனால் கேட்டவருக்கு மட்டும். மோசமாக வந்த படத்தையும் மூடி வைக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். அதனால் ஒரு நன்மை. பக்கத்து நோட்டில் அதே இடத்தில் இன்னொருவர் அந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்தார் என்று உடனே கண்ணால் பார்த்துவிடலாம். மாதக் கணக்கில் வகுப்புக்குப் போனாலும் இது கிடைக்காது. வகுப்பில் வாத்தியாரின் ஒரு படம்தான் சரியான படம். இங்கே சரியான படங்கள் இருபது.

வேடிக்கை பார்ப்பவர்கள் தனி சுகம். முதலில் கூச்சமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். யாராவது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாலே நோட்டை மறைக்கத் தோன்றும். ஆனால் நம் ஜனங்களைப் போலப் பிரியமான விமரிசகர்கள் எங்கும் இருக்கமாட்டார்கள். கீரை விற்கும் ஆயா ஒருத்தர் என் நோட்டை வாங்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நான் இவ்ளோ கெழவியாவா கீறேன்?” என்று கேட்டு, அப்புறம் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, “இத பாருபா, என் கூடைய அப்படியே இட்டாந்து வச்சிருக்காரு” என்று பெருமையாகக் காட்டினார். ஆட்டோக்காரர் ஒருவருக்கு ஒரே கவலை. “வண்டி நம்பரை மட்டும் போட்ராதீங்க சார்.” சின்னப் பையன்கள் ஈவிரக்கமே இல்லாமல் உண்மையைச் சொல்வார்கள். “அங்கிள், மாட்டுக்கு அஞ்சு கால் இருக்கு.” எண்ணிப் பார்த்தால் இருக்கும்.

சாமான்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு டீயின் விலைக்கு ஒரு 4பி பென்சில், கோடு போடாத நோட்டு ஒன்று. போதும். வண்ணம் வேண்டுமென்றால் கேமல் வாட்டர் கலர் கேக் டப்பா, ஒரு நல்ல ரவுண்டு பிரஷ், தண்ணீருக்கு ஊறுகாய் பாட்டில் மூடி. மெல்லிய தாளில் தண்ணீர் பட்டால் அப்பளமாகச் சுருண்டுவிடும் என்பதால் தாளுக்கு மட்டும் கொஞ்சம் செலவு செய்யுங்கள். 300 ஜிஎஸ்எம் என்று அட்டையில் போட்டிருக்கும். பேனாவில் வரைந்து மேலே வண்ணம் தீட்டுவதானால் மை வாட்டர்புரூஃபாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கோபுரம் கரைந்து குளத்தில் இறங்கிவிடும். அழிப்பானை நான் வீட்டிலேயே விட்டுவிடுவேன். தப்பான கோட்டுக்குப் பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டால் அதுவே ஓர் அழகு. பெரிய பிராண்டு டியூபுகள், வெளிநாட்டு ஸ்கெட்ச் புக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். விலை உயர்ந்த நோட்டு ஒன்று என்னிடமும் இருக்கிறது; அதில் கிறுக்க மனம் வராமல் வெள்ளையாகவே கிடக்கிறது.

சென்னை வெயிலும் ஒரு வாத்தியார். வாட்டர் கலரில் இரண்டு நிறங்கள் ஈரத்தோடு ஒன்றில் ஒன்று கலக்க வேண்டும். மே மாதத்தில் இரண்டாவது நிறத்தைத் தொட்டெடுப்பதற்குள் முதல் நிறம் காய்ந்துவிடும். வானத்தை ஒரே மூச்சில் அடித்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் நேர்மாறு. நோட்டை வைத்து விசிறிக்கொண்டே உட்கார்ந்திருப்போம், காயவே காயாது. அவசரப்பட்டு மேலே தீட்டினால் எல்லாம் சேறு. காத்திருக்கிற நேரத்தில்தான் டீ.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு. நடிகர் படத்தைக் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பென்சிலில் இழைத்து, போட்டோவா ஓவியமா என்று தெரியாமல் கொண்டுவருகிறார்களே, அந்த உழைப்பை மதிக்கிறேன். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் மவுண்ட் ரோடு பேனர்களையும் வானளாவிய கட்அவுட்களையும் வரைந்த கலைஞர்கள் கட்டம் போட்டுத்தான் படத்தைப் பெரிதாக்கினார்கள். அவர்கள் கை எங்கே, நம் கை எங்கே. ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே பார்க்கத் தெரியும். கற்றுக்கொள்கிறவன் அங்கே தொடங்கினால், இந்தச் சதுரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதோடு அவன் பார்வை நின்றுவிடும். முகத்தின் வெயிட் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள எழும்பூர் மியூசியத்துக்கு வாருங்கள். செப்புச் சிலைக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். ஒரு காலில் பாரத்தை ஊன்றி, இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, தோளை மறுபக்கம் இறக்கி நிற்கிற அந்த உடம்பை வரைய உட்கார்ந்தால், முதலில் போட வேண்டியது தலையிலிருந்து பாதம்வரை ஒரே ஒரு வளைகோடு. அந்தக் கோடு சரியாக விழுந்துவிட்டால் மீதியெல்லாம் அதன் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். விழாவிட்டால் நகைகளை எத்தனை அழகாக வரைந்தாலும் சிலை சாய்ந்து விழும். ஒரு பக்கம் ஆண் தோள், மறுபக்கம் பெண் இடுப்பு; இரண்டும் சேரும் இடத்தில் கொஞ்சம்கூட உறுத்தல் இல்லை. செய்தவன் மனுஷன்தானா? வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் பார்த்தால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு காலில் சாய்ந்து நிற்கும் அத்தனை பேரிடமும் அதே கோடு ஓடுகிறது. அன்று மட்டும் மூன்று பஸ்ஸை விட்டேன்.

வயதாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். வான்கா ஓவியனாவதென்று முடிவெடுத்தது 1880இல், அப்போது அவருக்கு 27 வயது. அதன்பின் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, சார்ல் பார்க் என்ற ஓவியர் தயாரித்த பயிற்சிப் படங்களை எழுத்து பழகும் பிள்ளை போலத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தது. வரைந்ததையெல்லாம் தம்பி தியோவுக்குக் கடிதத்தில் விவரித்து, படத்தோடு அனுப்பிக்கொண்டே இருந்தார். அவருக்கும் கடை விரிக்க ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. 27 என்ன, எங்கள் ரயில்வே ஐயா பென்சில் எடுத்ததே ரிட்டயரான பிறகுதான்.

ஆகவே, இந்த ஞாயிறு கிளம்பிவிடுங்கள். உங்கள் ஊரில் கூட்டம் இல்லையென்றால் இரண்டு பேர் சேர்ந்தாலே கூட்டம்தான். பஸ் ஸ்டாண்டு, சந்தை, தேர்முட்டி, ரேஷன் கடை வரிசை, எதுவும் ஆகும். அரை மணி நேரம் வரையுங்கள், கால் மணி நேரம் ஒருவர் நோட்டை ஒருவர் பாருங்கள். சென்னைக்காரர்கள் நேரே மயிலாப்பூர் வந்துவிடலாம். ஆறரைக்குள் வந்தால் நல்ல இடம் பிடிக்கலாம். எட்டரைக்கு மேல் படிக்கட்டு சுடும். பென்சில் இல்லாவிட்டால் பரவாயில்லை, என்னிடம் கூடுதலாக இருக்கிறது.